ஆறு அடிக்கு ஆட்சேபனை இல்லை

எங்கள் ஊருக்குள் யாராவது படிவத்தோடு வந்தால், அவர் முதல் வீட்டுப் படலையைத் திறக்கும் முன்பே கடைசி வீட்டு அலுமாரி திறந்துவிடும். அடையாள அட்டையின் பிரதி, குடும்ப அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கிராம அலுவலரான விதானையார் தந்த கடிதம், முகாமில் எப்போதோ கிழித்துக் கொடுத்த துண்டு எல்லாம் ஒரு பொலித்தீன் பைக்குள் இருக்கும். போரில் இடம்பெயர்ந்து ஓடிய காலத்தில் நகையை விட்டுவிட்டு ஓடியவர்கள் உண்டு, சமைத்த சோற்றை விட்டுவிட்டு ஓடியவர்கள் உண்டு. அந்தப் பையை மட்டும் ஒருவரும் விடவில்லை.

படிவத்துக்குப் பதில் சொல்வதில் நாங்கள் கரைகண்டவர்கள். ஆடு கொடுக்கும் நிறுவனம் வந்தால் இருக்கிற ஆடுகள் காட்டுக்குள் போய்விடும். மலசலகூடம் கட்டித் தருகிறவர்கள் வந்தால் மறைப்புக்குக் கட்டியிருந்த தகரம் கழன்றுவிடும். ஒருமுறை மனநல ஆலோசனை சொல்லும் ஒரு பிள்ளை வந்து, "இரவில நித்திரை வருகுதா அம்மா?" என்று வீடு வீடாகக் கேட்டாள். கட்டில் தரப்போகிறார்கள் என்று நினைத்து ஊரில் பாதிப் பேர், "ஒரு பொட்டும் வாறேல்லைப் பிள்ளை, நிலத்தில படுத்து என்னெண்டு நித்திரை வரும்?" என்றார்கள். அவள் கண் கலங்க எழுதிக்கொண்டு போனாள்.

இதைப் பொய் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஒரு குடும்பம் "மலசலகூடம் இருக்கு" என்று நேர்மையாகச் சொன்னது. அதற்குப் பிறகு வந்த கோழிப் பட்டியலிலும் தையல் மெஷின் பட்டியலிலும் அவர்களுடைய பெயர் இல்லை. போய்க் கேட்டதற்கு, வசதியுள்ள குடும்பமாகப் பதியப்பட்டிருக்கிறீர்கள் என்று பதில் வந்தது. வசதி என்றது நாலு தகரமும் ஒரு குழியும்.

நான் எங்கள் ஊர்க் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளர். பதினைந்து வருடமாக நானேதான். என் எழுத்து முத்துமுத்தாக இருக்கும் என்பது ஒரு காரணம். செயலாளர் பதவிக்குப் பெயர் கேட்டதும் மற்ற எல்லோரும் நிலத்தைப் பார்ப்பார்கள் என்பது மற்றக் காரணம்.

ஊர் கிளிநொச்சி மாவட்டத்தில் அக்கராயன் பக்கம். நடுவே தார் காணாத ஒரு கிரவல் வீதி. அதன் ஒரு கரையில் முப்பது வீடுகள். குளத்தோடு சேர்ந்த குடியேற்றத் திட்டத்தில் பிரித்துக் கொடுத்த காணிகள் அவை, ஒவ்வொன்றுக்கும் அரசாங்கம் எழுதிக் கொடுத்த பெர்மிட் உண்டு. மற்றக் கரையில் காட்டோடு ஒட்டினாற்போல் பதினொரு வீடுகள், அதில் ஒன்று எங்களுடையது. எங்கள் அப்பாமார் மலைநாட்டில் தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர்கள். இனக் கலவரத்தில் லயத்து அறையை விட்டு உடுத்த உடுப்போடு வந்து, காடு வெட்டி உண்டாக்கிய வரிசை இது. நான் பிறந்ததும் இங்கேதான். அவர்கள் வெட்டும்போது யாரும் தடுக்கவில்லை. பிறகு பெர்மிட் கேட்டபோதுதான் அது காடு என்று எல்லோருக்கும் ஞாபகம் வந்தது.

காணிக் கச்சேரி என்று ஒன்று உண்டு. அதிகாரிகள் ஊருக்கே வந்து கதிரை போட்டு உட்கார்ந்து விசாரித்துப் பெர்மிட் கொடுக்கும் நாள். எங்கள் வரிசைக்கு அது மூன்று தடவை வந்தது. முதல் தடவை யுத்தம் தொடங்கிக் கூட்டம் கலைந்தது. இரண்டாம் தடவை வரைபடத்தைக் காணவில்லை. மூன்றாம் தடவை வரைபடம் இருந்தது, அதில் எங்களைக் காணவில்லை. இன்னொரு திணைக்களம் எங்கள் வளவின் பின்பக்கம் எல்லைக்கல் நட்டிருந்தது. எந்தத் திணைக்களம் என்று கேட்காதீர்கள், கல்லில் இருந்த எழுத்து எங்களுக்கு விளங்கவில்லை.

பெர்மிட் இல்லாவிட்டால் வீட்டுத்திட்டம் இல்லை. எதிர்க் கரையில் ஓட்டு வீடுகள் எழும்பியபோது நாங்கள் தகரக் கொட்டிலில் இருந்து போய் அவர்களுக்குக் கல் சுமந்தோம். யானை வந்து எங்கள் வாழையைத் தின்றால் நட்டஈடு கிடையாது. அரசாங்கக் கந்தோர்க் கணக்கில் யானை சரியான இடத்தில்தான் நின்றது, வாழைதான் பிழையான இடத்தில் நின்றது. மகள் கல்யாணம் முடித்து எங்களோடுதான் இருக்கிறாள். ஒரு அறை கட்டிக் கொடுப்போம் என்றால், எந்த நேரமும் எழும்பு என்று சொல்லக்கூடிய நிலத்தில் யார் சீமெந்தைக் கொட்டுவது? அரசாங்கத்திடம் எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு தாள். இந்தக் காணியில் இவர்கள் இருக்கிறார்கள் என்று அதில் எழுதியிருந்தால் போதும்.

இந்த நிலைமையில்தான் தேர்தல் வந்தது. தேர்தல் வந்தால் எங்களுக்கு என்ன பிரச்சினை என்பது எங்களைவிட மற்றவர்களுக்கு நன்றாகத் தெரிந்துவிடும். மேடை போட்டு, ஒலிபெருக்கி கட்டி, எங்கள் பிரச்சினையை எங்களுக்கே சொல்லித் தருவார்கள். நாங்களும் புதிதாகக் கேட்பதுபோல் கை தட்டுவோம். அந்த முறை அது போதாதென்று யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தம்பி மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். தேர்தலுக்கு முன்னால் வாக்காளர்களுக்கு மிக முக்கியமான பிரச்சினை எது என்று ஆராய்ச்சி செய்கிறார்களாம். ஊர் ஆள் கேட்டால் சனம் மனம்விட்டுக் கதைக்கும் என்று படிவங்களை நிரப்பும் வேலையை என்னிடம் தந்தார். நிரப்புகிறவரின் வீட்டைக் கேட்கக் கூடாது என்பது விதி. ஆகவே நாற்பத்தொரு வீட்டில் என்னுடையது போக நாற்பது.

படிவம் சின்னதுதான். விலைவாசி, ஊழல், வேலைவாய்ப்பு, அரசியல் தீர்வு, காணி, காணாமல் ஆக்கப்பட்டோர், வீதி, குடிதண்ணீர், காட்டு யானை, போதைப்பொருள் என்று வரிசையாக இருக்கும். அதில் ஒன்றுக்கு நேரே மட்டும் புள்ளடி போட்டு அடையாளம் வைக்க வேண்டும்.

"அக்கா, இது கருத்துக்கணிப்பு மட்டுந்தான். நாங்கள் ஒண்டும் குடுக்கிறேல்லை. அதை முதலே சொல்லிப்போடுங்கோ," என்றார் தம்பி.

நான் சொன்னேன். அங்கேதான் எல்லாம் பிழைத்தது. எங்கள் அனுபவத்தில், தருவோம் என்று சொல்லி வந்தவர்கள் ஒன்றும் தந்ததில்லை. தந்தவர்கள் எல்லோரும், "ஒண்டையும் எதிர்பாக்காதேங்கோ" என்று தொடங்கியவர்கள்தான். நான் இரண்டு வீட்டுக்குப் போய் வருவதற்குள், இது பெரிய பதிவு, ஒன்றும் தரமாட்டார்களாம் என்ற செய்தி ஊர் முழுக்கப் பரவிவிட்டது. மூன்றாவது வீட்டில் பையோடு காத்திருந்தார்கள்.

"பிள்ளை, உதில எதைக் குடுக்கப் போறாங்கள்? அதைச் சொல்லும், அதுக்கு நேர போடுவம்," என்றார் அந்த வீட்டு ஐயா.

விசயம் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவரின் காதுக்குப் போயிற்று. அவர் எதிர்க் கரைக்காரர், லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் வைத்திருப்பவர், நல்ல மனுசன். ஊருக்கு ஒன்று என்றால் முதல் ஆளாக நிற்பார், அந்த ஒன்று என்ன என்பதை மட்டும் தானே முடிவு செய்வார். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பொதுநோக்கு மண்டபத்தில் கூட்டம் கூட்டினார்.

"ஒரு வீட்டுக்கு ஒண்டுதான் போடலாமாம். ஆளுக்கொண்டு சொன்னமெண்டா ஒண்டும் வராது," என்று தொடங்கினார். "ஊர் முழுக்க ஒண்டையே சொல்லோணும். எதைச் சொல்லுறதெண்டு இப்ப தீர்மானிப்பம்."

கருத்துக்கணிப்புக்குக் கருத்தைக் கூட்டம் வைத்துத் தீர்மானித்த ஊர் உலகத்தில் வேறு இருக்குமோ தெரியவில்லை. எனக்கு அப்போது அது பிழையாகவும் படவில்லை. ஒற்றுமையாக இருக்கிறோம் என்று பெருமையாகக்கூட இருந்தது.

யானை என்றார்கள் சிலர். தண்ணீர் என்றார்கள் சிலர். போதைப்பொருள் என்று ஒருவர் சொல்ல, "அதைச் சொன்னா ஊரின்ர பேர் கெட்டிடும், பெடியளுக்குப் பொம்பிளை கிடையாது," என்று அமர்த்திவிட்டார்கள். காணாமல் ஆக்கப்பட்டோரைச் சொல்வோமா என்று யாரோ மெதுவாகக் கேட்டார்கள். எல்லோரும் ஒரு அம்மாவைப் பார்த்தார்கள். போர் முடிந்த நாளில் மூத்த மகனை இராணுவத்திடம் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டு இன்று வரை தேடுகிறவர் அவர்.

"என்ர பிள்ளையை றோட்டோடயும் யானையோடயும் போட்டிக்கு விடாதேங்கோ," என்றார் அவர். "அவனைப் பற்றி நான் கேக்கிற இடம் வேற."

பிறகு எங்கள் வரிசையிலிருந்து ஒரு குரல், "காணி," என்றது. என் பக்கத்து வீட்டுக்காரி. நுவரெலியாப் பக்கமிருந்து கல்யாணம் முடித்து வந்தவள், வாயில் இன்னும் தோட்டத்துப் பேச்சு.

தலைவர் பொறுமையாகச் சொன்னார். "காணிப் பிரச்சினை உங்கட பதினொரு வீட்டுக்குத்தானே தங்கச்சி. றோட்டு எல்லாருக்கும் பொது. முதல்ல றோட்டு வரட்டும். அடுத்த எலெக்சனுக்குக் காணியைக் கேப்பம்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "என்ன செயலாளர், சரிதானே?"

நான் கூட்ட அறிக்கைக் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, வாயில் கொழுக்கட்டை வைத்ததுபோல் இருந்தேன். சொல்ல எவ்வளவோ இருந்தது. ஆனால் சொன்னால், செயலாளர் தன் வளவுக்காக ஊரைத் திருப்புகிறாள் என்பார்கள். கலவரத்தில் வந்ததுகள் எப்போதும் தங்களைத்தான் பார்ப்பார்கள் என்று முதுகுக்குப் பின்னால் ஒருத்தர் சொல்லாமல் விடமாட்டார். அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவள் நான். அதற்குப் பயந்துதான் பதினைந்து வருடமாக எல்லோருக்கும் எழுதிக் கொடுத்தேனோ என்னவோ. தலையை ஆட்டினேன். கை தூக்கினார்கள், வீதி வென்றது.

அடுத்த நாள் படிவங்களோடு போனேன். வேலை சுலபமாக இருந்தது. கேள்வியை வாசித்து முடிக்கும் முன்பே, "றோட்டு, றோட்டு" என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரியிடம் கடைசியாகப் போனேன்.

"காணி," என்றாள்.

"றோட்டெண்டெல்லோ தீர்மானிச்சது?"

"எனக்கு எது முக்கியம்னுதானே அக்கா இதுல கேட்டிருக்கு?"

"ஓம்."

"அப்ப காணி."

"ஊரோட ஒத்து நிக்கோணும் பிள்ளை," என்றேன். சொல்லும்போது அது தலைவரின் குரல்போல எனக்கே கேட்டது. வீதிக்கு நேரே புள்ளடி போட்டேன். அவள் என் பேனையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குசினிக்குள் போனாள். தேத்தண்ணி வரும் என்று கொஞ்ச நேரம் இருந்து பார்த்தேன். வரவில்லை.

நாற்பதிலும் நாற்பது வீதி என்று இருந்ததைப் பார்த்துத் தம்பிக்குத் தலை சுற்றியது. "என்னக்கா, எல்லாம் ஒண்டாக் கிடக்கு?"

"றோட்டு அவ்வளவு மோசம் தம்பி," என்றேன். வரும்போது மதகடியில் சறுக்கி விழுந்திருந்ததால் அவர் நம்பிவிட்டார்.

பிறகு ஒரு பத்திரிகையில் ஒருவர் அரைப் பக்கம் எழுதியிருந்தார். வன்னிச் சனம் உரிமை பற்றிய கவலையிலிருந்து மெல்ல மெல்ல அபிவிருத்தியின் பக்கம் திரும்புகிறதாம், சில கிராமங்களில் முழுதாகவே திரும்பிவிட்டதாம். நான் அதை இரண்டு தடவை வாசித்தேன். எங்கள் பொதுநோக்கு மண்டபத்தில் ஞாயிறு பின்னேரம் நடந்த கூட்டம் இவ்வளவு பெரிய திருப்பம் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

தேர்தல் முடிந்தது. நாங்கள் மறந்தும் விட்டோம். ஆனால் சில மாதங்கள் கழித்து, சொன்னால் நம்பமாட்டீர்கள், வீதி வந்தது. கணிப்பால் வந்ததா, யாரோ கொந்தராத்துக்காரருக்கு வேலை தேவைப்பட்டதா, கடவுளுக்குத்தான் வெளிச்சம். ஊர் மட்டும் கணிப்பால்தான் என்று அடித்துச் சொன்னது. தலைவர் இரண்டு வாரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார்.

அளக்க வந்தவர் ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தர். மரியாதையான ஆள். எங்கள் கிணற்றில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் நாடாவை விரித்தார். கிரவல் வீதியை அகலிக்க வேண்டும், ஆறு அடி தேவை என்றார். சிவப்பு மை பூசிய முளைகளை அடித்துக்கொண்டே போனார்கள். பதினொரு வீட்டைத் தாண்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. எல்லா முளையும் எங்கள் கரையில்.

"இஞ்சாலையும் அங்காலையும் மூண்டு மூண்டா எடுக்கலாந்தானே ஐயா?" என்று கேட்டேன்.

"அந்தப் பக்கம் பெர்மிட் காணியள் அம்மா. ஒவ்வொருத்தரிட்டையும் சம்மதம் எடுக்கோணும், நட்டஈடு எழுதோணும், மேல போய் வரோணும். வருசம் ரெண்டு போயிடும். இது அரச காணி, பிரச்சினையில்லை."

"நாங்கள் இருக்கிறமே."

"தெரியுது அம்மா," என்றார். உண்மையிலேயே கவலையோடுதான் சொன்னார்.

நான் உள்ளே ஓடிப்போய் என் பொலித்தீன் பையைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினேன். தேர்தலுக்கு வந்த வாக்காளர் அட்டை, தபால்காரர் பிழையில்லாமல் இந்தப் படலைக்கே கொண்டுவந்து தந்தது, அதையும் காட்டினேன்.

"அது ஆக்களுக்குக் குடுக்கிறது அம்மா. காணிக்கில்லை."

எங்கள் மலசலகூடம் முளைக்கு வெளியே, வீதிப் பக்கமாக நின்றது. வெளிநாட்டுக்காரர் வந்து பார்த்தால் பெயர்ப்பலகை தெரிய வேண்டும் என்று கட்டித் தந்த நிறுவனம் அதை முன்வளவில்தான் கட்டியது. உத்தியோகத்தர் அந்தப் பலகையை வாசித்து யோசித்தார். "இதை உடைக்கிறதெண்டா அந்த நிறுவனத்தின்ர கடிதம் வேணும்," என்றார்.

"நிலத்துக்கு எங்கட கடிதம் வேண்டாமா ஐயா?"

"உங்கட கையெழுத்துத் தேவையில்லை அம்மா."

எனக்கு அழுகை வந்தது. கக்கூசுக்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார், எனக்கு இல்லை. எத்தனை தாளில் எத்தனை தடவை கையெழுத்து வைத்திருப்பேன், கிடைக்காத கோழிக்கும் வராத கட்டிலுக்கும். என் அப்பா வெட்டிய காணிக்கு மட்டும் என் கையெழுத்து வேண்டாம். அதற்குள் எங்கள் வரிசைப் பெண்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி முளையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நான் அன்னைக்கே காணின்னுதானே அக்கா சொன்னேன்?"

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். சாதாரணமாகத்தான் சொன்னாள்.

உத்தியோகத்தர் கோப்பைத் திறந்தார். "இன்னொண்டு. சங்கச் செயலாளர் நீங்கள்தானே? வேலை தொடங்க ஊர்ச் சங்கத்தின்ர கடிதம் வேணும். றோட்டை அகலிக்கிறதுக்குச் சனத்துக்கு ஆட்சேபனை இல்லையெண்டு."

காணிக்காரியாக என் கையெழுத்துத் தேவையில்லை, செயலாளராகத் தேவை. தலைவர் பக்கத்தில் வந்து நின்று, "போட்டுவிடு தங்கச்சி, பிந்தினாக் காசு திரும்பிடுமாம்," என்றார். அவருடைய கண்ணைப் பார்த்தேன். அவருக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. போடாவிட்டால் வேறு யாரையாவது பிடித்துப் போடுவிப்பார்கள், முளை முளைதான். அந்தக் கணத்தில்தான் பதினைந்து வருடம் கடிதம் எழுதிய புத்தி எனக்கு உதவியது.

"கடிதத்தை நானே எழுதித் தாறன் ஐயா," என்றேன்.

கதிரையைக் கொண்டுவந்து போட்டு, மடியில் கொப்பியை வைத்து, என் முத்துமுத்தான எழுத்தில் எழுதினேன். நாற்பது வருடத்துக்கு மேலாக இக்காணிகளில் தொடர்ந்து குடியிருந்து பயிர்செய்துவரும் பின்வரும் பதினொரு குடும்பத்தாரும், தத்தமது காணியின் முன்புறத்தில் ஆறு அடியை வீதி அகலிப்புக்காக விட்டுக்கொடுப்பதில் தமக்கு ஆட்சேபனை இல்லை என்று தெரிவித்துக்கொள்கின்றனர். கீழே பதினொரு பெயர், அடையாள அட்டை இலக்கம், வீட்டு இலக்கம். ஒவ்வொருவரும் கையெழுத்து வைத்தார்கள். கடைசியில் செயலாளர்.

அவர் வாசித்துப் பார்த்தார். "நல்லா எழுதியிருக்கிறியள் அம்மா." 'ஆட்சேபனை இல்லை' என்ற இடம்தான் அவருக்குத் தேவைப்பட்டது, அது இருந்தது.

"பெற்றுக்கொண்டதெண்டு ஒரு பிரதியில கையெழுத்துப் போட்டுச் சீல் அடிச்சுத் தாங்கோ ஐயா. சங்கத்துப் பைலுக்கு."

அடித்துத் தந்தார்.

அந்தக் கிழமையே பதினொரு விண்ணப்பம் எழுதினேன். கிளிநொச்சியில் அந்தக் கடிதத்தைப் பதினொரு பிரதி எடுத்து, ஒவ்வொன்றோடும் ஒன்று குத்திக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு காணிக் கந்தோருக்குப் போனேன். பஸ்ஸில் என் பக்கத்தில் இடம் இருந்தும் அவள் முன்னுக்குப் போய் இருந்தாள். அங்கிருந்த எழுதுநர் விண்ணப்பத்தைப் புரட்டி, கடிதத்தில் வந்து நின்றார்.

"என்னம்மா இது, காணியை விட்டுக் குடுத்திட்டம் எண்டெல்லோ கிடக்கு?"

"ஓம் ஐயா. விட்டுக் குடுக்கிறதுக்கு எங்களிட்ட ஒரு காணி இருந்ததெண்டு உங்கட ஆக்களே சீல் அடிச்சிருக்கினம்."

அவர் கடிதத்தை இன்னொரு தடவை வாசித்தார். உள்ளே எடுத்துக்கொண்டு போய் யாரிடமோ காட்டிவிட்டு, அரை மணித்தியாலம் கழித்து வெறும் கோப்பு மட்டை ஒன்றோடு வந்து உட்கார்ந்தார். பெர்மிட் கிடைக்குமா என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆறு அடி போனது போனதுதான். பேனையின் மூடியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"காணி ஆற்ற பேரில?"

காணி யாருடைய பேரில் என்பது நாற்பது வருடத்தில் எங்கள் வரிசையிடம் யாரும் கேட்காத கேள்வி. எனக்கு நாக்கின் நுனியில் பதில் இருந்தது. ஆனால் நான் ஒதுங்கி, பக்கத்து வீட்டுக்காரியை முன்னுக்கு விட்டேன்.

"நீ சொல்லு பிள்ளை," என்றேன். "நீ சொல்லுறதை அவர் அப்பிடியே எழுதட்டும்."